பேக்கர் துரையும் ஈயக் குண்டும்

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் உலகமுடிவின் விளிம்பைப் பார்த்துத் திரும்பும் வழியிற் பேக்கர் நீர்வீழ்ச்சியின் முன்னே சற்று நிற்பது வழக்கம். பெலிஹுல் ஓயா அங்கே கரும்பாறையில் விழுந்து நுரைத்துச் செல்கின்றது. அருவிக்குப் பெயர் தந்த சேர் சாமுவேல் வைற் பேக்கரை, நைல் நதியோடு தொடர்புடைய அல்பேட் ஏரியை ஐரோப்பிய உலகுக்கு அறிவித்தவர் என்று மாணவர் புவியியற் பாடத்திற் படிக்கின்றனர். அவர் நமது மலைநாட்டில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தார் என்பதை அறிந்தோர் குறைவு. அவர் ஐம்பது ஆண்டுகள் விடாது சிந்தித்த பொருள் ஒன்றுண்டு என்பதை அறிந்தோர் இன்னும் குறைவு. வெட்டவெளியில் நிற்கும் மானை எவ்வகைக் குண்டால், எவ்வளவு மருந்திட்டு அடிப்பது என்பதே அப்பொருள்.

அற்ப விஷயம் என்று தோன்றலாம். ஆயினும், ஓர் உயிர் நின்ற இடத்திலேயே கணத்தில் மடிவதா, உடைந்த காலோடு காட்டுக்குள் ஓடி மூன்று நாள் கிடந்து சாவதா என்பது அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையையே பொறுத்திருந்தது. வேட்டையை நாம் விரும்பினாலும் வெறுத்தாலும் அந்த வேறுபாட்டை மறுத்தற்கில்லை.

பேக்கர் 1821 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8 ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் செல்வ வணிகர். ஜமெய்க்காவிலும் மொறீசியஸ் தீவிலும் கரும்புத் தோட்டங்களுக்கு உரிமையாளர். கணக்குப் புத்தகத்தின் முன் அமர்வதற்கு மகனின் மனம் ஒருப்படவில்லை. பத்தொன்பதாம் வயதில், அதாவது 1840 இல், அவர் பிரிஸ்டல் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் கிப்ஸ் என்பவரிடம் தாமே வரைந்த படமொன்றைக் கொடுத்து, அதன்படி ஒரு துவக்குச் செய்து தருமாறு கேட்டார். அத்தொழிலில் ஊறியவர்களுக்கு அந்தப் படம் நகைப்பையே தந்தது.

அவர்கள் நகைத்ததற்குக் காரணம் இருந்தது. அக்காலத்துப் புரித்துப்பாக்கி வாய்வழியே மருந்திட்டு, துணி சுற்றிய உருண்டைக் குண்டை இடித்து இறக்குவது. குழாயின் உட்சுவரிற் பல ஆழமற்ற பள்ளங்கள் சுழன்று செல்லும். அவை குண்டைச் சுழற்றி நேரே செலுத்தும். மருந்தைக் கூட்டினால் மென்மையான ஈயம் அந்தப் பள்ளங்களைப் பற்றாமல் வழுக்கிச் செல்லும், குறி தப்பும். ஆகவே மருந்தைக் குறைத்தே இட்டனர். மருந்து குறைந்தால் குண்டின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் எறிந்த கல்லைப்போல அது வளைந்து தாழும். நூறு யார் தூரத்துக்குச் சரி பார்த்த துப்பாக்கி நூற்றைம்பது யாரிற் கீழே அடிக்கும்.

காட்டுக்குள் இதனால் அதிக நட்டமில்லை. அங்கே விலங்கு முப்பது நாற்பது யாருக்குள் நிற்கும். வெட்டவெளியிலோ நிலைமை வேறு. புல்வெளியிலே தூரம் கண்ணை ஏமாற்றும். நடுவில் மரமோ புதரோ இன்றி, அளவுகோலாக எதுவும் அமையாதபோது நூற்றைம்பது யாரும் இருநூறு யாரும் ஒன்றாகவே தோன்றும். அந்த ஐம்பது யார் மயக்கத்தில், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றிலோ முழங்காலிலோ போய் விழும். மான் விழாது, ஓடும்.

இளைஞர் பேக்கர் கண்ட வழி எளியது. குழாயில் ஆழமும் அகலமும் கொண்ட இரண்டே பள்ளங்கள்; அவற்றிற் பொருந்துமாறு இடுப்பில் ஒட்டியாணம் பூண்டதுபோல் விளிம்பு வார்த்த ஈயக் குண்டு. எவ்வளவு மருந்திட்டாலும் அந்தக் குண்டு பள்ளத்தை விட்டு வழுவாது. இத்தகைய குண்டு பிரித்தானியப் படையின் பிரன்ஸ்விக் துப்பாக்கியில் முன்னரே வழங்கியது. அதைப் பேக்கரின் கண்டுபிடிப்பு என்று புகழ்வது பொருந்தாது. மருந்தின் அளவிற் காட்டிய துணிவே அவருடையது. துவக்கின் நிறை 21 இறாத்தல். குழாயின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டின் நிறை மூன்று அவுன்ஸ், கூம்புக் குண்டாயின் நான்கு. மருந்து 16 திராம், அதாவது முழு ஓர் அவுன்ஸ். இன்றைய அளவிற் சொன்னால் ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ நிறையுள்ள துவக்கில் 28 கிராம் கருமருந்து. தோளை உடைக்கும் என்றனர். துவக்கின் பாரமே அந்த உதைப்பைத் தாங்கிக்கொண்டது. குண்டு நெடுந்தூரம் தாழாது சென்றமையால், தூரத்தைப் பிழையாக மதிப்பிட்டவனுக்கும் குறி பெரிதாகத் தவறவில்லை.

1843 இல் திருமணம். தந்தையின் தோட்டத்தை மேற்பார்க்க மொறீசியஸ் சென்றவர், அங்கே நிலைகொள்ளாது, நாற்பதுகளின் நடுவில் இலங்கைக்குக் கப்பலேறினார். இங்குள்ள யானை வேட்டையைப்பற்றிக் கேள்வியுற்றதே காரணம்.

வந்த புதிதில் மின்னேரியாக் குளக்கரையில் நிகழ்ந்த ஒன்றை அவரே பின்னர் விரிவாக எழுதினார். காயப்பட்ட காட்டெருமைக் கிடா ஒன்று எதிர்த்து நின்றது. பையைத் தடவிப் பார்த்தபோது ஒரு குண்டும் இல்லை. மருந்து மட்டுமே எஞ்சியிருந்தது. சட்டைப் பையில் ஆறு பென்ஸ் வெள்ளிக் காசுகள், மொத்தம் மூன்று சிலிங்குக்குக் கிடந்தன. மருந்தைத் தாராளமாகக் கொட்டி, காசுகளைக் கந்தைத்துணியிற் பொதிந்து குழாய்க்குள் இடித்து இறக்கினார். கிடா பாய்ந்து வந்து, துவக்கின் வாய் எட்டும் தூரத்தை அடைந்தபோது அதன் நெற்றியிற் சுட்டார். மூன்று சிலிங்கும் போயின. எருமை அதிர்ந்து விழுந்தது. பேக்கரும் உடன் இருந்தவரும் உயிர் தப்பி விலகினர். வீரக்கதையாக இதைச் சொல்வோர் உண்டு. குண்டை எண்ணாமற் புறப்பட்ட ஒருவர் பட்ட பாடாகவே எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அவர் குண்டு, மருந்து, துணி, திரி யாவற்றையும் நிறுத்தும் எண்ணியும் எடுத்துச் சென்ற கண்டிப்பைப் பார்க்கும்போது, அவரும் அவ்வாறே கருதியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

தாழ்நாட்டுக் காடு அவருக்குக் காய்ச்சலைக் கொடுத்தது. உடல் தேற நுவரெலியாவுக்கு ஏறினார். ஆறாயிரம் அடிக்கு மேலே குளிர்ந்த காற்று, தெளிந்த நீர், ஆளில்லாத புல்வெளி. பதினைந்து நாளில் உடம்பு தேறியது. மனத்தில் ஒரு கனவும் முளைத்தது. இங்கிலாந்துக்குச் சென்று, 1848 இல் குடும்பத்தாரையும் உழவர் தொழிலாளரையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். உயர்சாதிப் பசு, காளை, செம்மறிக் கடா, வேட்டை நாய்க் கூட்டம், கலப்பை, வண்டி என எல்லாம் வந்தன. ஏக்கர் ஒரு பவுண் வீதம் ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. தம்பி யோன் துணை நின்றார். மகாகஸ்தொட்டை என்று இன்று தேயிலைத் தோட்டமாக விளங்கும் நிலத்தின் தொடக்கம் அது.

நிலம் எளிதில் இணங்கவில்லை. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை இரவிலே மரைகளும் பன்றிகளும் இறங்கி மேய்ந்து துவைத்தன. காட்டை வெட்டியவன் மரையின் வீட்டை வெட்டினான். மரை வந்து அவன் வயலை மேய்ந்தது. யார் முதலில் யாருடைய எல்லைக்குள் நுழைந்தார் என்று கேட்பார் அன்று இல்லை.

மரை என்ற சொல்லைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழகத்தார் மிளா என்றும் கடமான் என்றும் இன்று வழங்கும் விலங்குக்கு ஈழத்தமிழர் மரை என்ற பழம்பெயரையே காத்து வருகின்றனர். சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்திலே நெல்லிக்காய் தின்னக் கண்டதும் மரையைத்தான். வெள்ளையரோ அதன் பெருவடிவைக் கண்டு, தம் வடதேசத்து எல்க் என்னும் விலங்கின் பெயரைப் பிழையாக இட்டனர். நுவரெலியாவுக்கு அருகே எல்க் பிளேன்ஸ் என்ற இடப்பெயராக அப்பிழை இன்றும் நிலைத்திருக்கின்றது.

அந்த மரையை வேட்டையாடுவதிற் பேக்கரின் பெருந்துவக்குப் பயன்படவில்லை என்பது வேடிக்கை. மலைநாட்டு மரை பகலிலே அடர்காட்டுக்குள் ஒடுங்கும்; இரவிலேதான் பத்தனைப் புல்வெளிக்கு வரும். குளிர்மழையும் மூடுபனியும் மருந்தை நனைக்கும். ஆதலால் ஹோட்டன் சமவெளியிலும் நுவரெலியாவைச் சூழ்ந்த காடுகளிலும் அவர் துவக்கை வீட்டில் வைத்துவிட்டு, நாய்களுடன் சென்றார். விடியலில் நாய்கள் மோப்பம் பிடித்து மரையை எழுப்பும். அது காட்டாற்றில் இறங்கி, முதுகைப் பாறைக்குக் கொடுத்து எதிர்த்து நிற்கும். ஓரடி நீள அலகுடைய கத்தியோடு இடுப்பளவு நீரில் இறங்கி அவர் அதை முடித்தார். விலங்குக்கும் தமக்கும் சம வாய்ப்பு என்று இதனை அவர் நியாயப்படுத்தினார். நாய்க் கூட்டம் முழுவதும் ஒரு பக்கத்தில் நிற்கச் சம வாய்ப்பு என்பது எத்தகையது என்று வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

துவக்கின் நிலம் கீழ்நாடு. ஊவாவுக்குக் கிழக்கே மரங்கள் ஆங்காங்கே சிதறிய பரந்த புல்வெளியை வெள்ளையர் பார்க் என்றே அழைத்தனர். வடமேற்கில் மன்னாரை அடுத்த இலுப்பைக்கடவையிலும் புள்ளிமான் கூட்டங்கள் வெளியில் மேய்ந்தன. அங்கேதான் அவருடைய கணக்குகள் சோதனைக்கு வந்தன. பெருந்துவக்கோடு, 16 இறாத்தல் நிறையுள்ள இரண்டு அவுன்ஸ் துவக்கு ஒன்றும், பத்தாம் இலக்க இரட்டைக்குழல்கள் நான்கும் அவரிடம் இருந்தன. ஓர் இறாத்தல் ஈயத்திற் பத்து உருண்டை வார்த்தால் ஒவ்வொன்றும் எந்தக் குழாயிற் பொருந்துமோ அது பத்தாம் இலக்கம். இலக்கம் சிறுத்தால் வாய் பெருக்கும். இரட்டைக்குழலின் பயன் மானுக்கு மிகுதி. முதல் வெடி பிழைத்துக் காயப்படுத்தினால், மறுபடி மருந்திட்டு இடித்துக்கொண்டிருக்க மான் நிற்குமா? இரண்டாங் குழல் அந்தப் பிழையைத் தீர்ப்பதற்காகவே இருந்தது.

மன்னார்க் கரை என்றதும் மலையகத் தமிழர் நெஞ்சில் வேறொரு நினைவு எழாமற் போகாது. அதே ஆண்டுகளில், அதே கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து சென்ற தென்னிந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் காய்ச்சலாலும் பேதியாலும் பசியாலும் மடிந்தனர். கோப்பித் தோட்டங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. மானின் துன்பத்தைக் குறைக்கும் குண்டு எது என்று ஆராய்ந்த காலத்திலேயே, அந்த வழியில் மனிதருக்கு ஒரு மடம், ஒரு கிணறு, ஒரு மருந்துச்சாலை அமைப்பதைப்பற்றி ஆண்டவர்கள் போதிய அக்கறை கொள்ளவில்லை. பேக்கர் ஒருவரைக் குற்றஞ்சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வாழ்ந்த காலத்தின் கண் எங்கே கூர்மையாகவும் எங்கே குருடாகவும் இருந்தது என்பது தெரிதற்பொருட்டே சொல்கிறேன்.

துவக்கும் நாயும் பற்றிய அவருடைய முதல் நூல் 1853 ஐ அடுத்து இலண்டனில் வெளியாயிற்று. இலங்கையில் எட்டாண்டு அலைந்த வரலாறு 1855 இல் வந்தது. அதே ஆண்டில் அவர் நுவரெலியாவை விட்டு நீங்கினார். குழந்தைகளிற் சிலரை இழந்திருந்தார். தம் உடலும் நைந்திருந்தது. ஊர் திரும்பிய சில மாதங்களில், டிசம்பர் மாத இறுதியில், மனைவியாரும் பிரான்சு நாட்டில் இறந்தார். நான்கு பெண்மக்களைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் அலையத் தொடங்கினார்.

பிறகு நடந்தவை உலகறிந்தவை. விடின் நகரத்து அடிமைச் சந்தையில் மீட்ட புளோரன்ஸ் என்னும் இளம்பெண்ணுடன் ஆபிரிக்கா சென்றது, 1864 மார்ச் 14 இல் அல்பேட் ஏரியைக் கண்டது, 1866 இல் சேர் பட்டம், 1869 முதல் நான்காண்டு எகிப்திய மன்னருக்காக மேல்நைல் நாட்டை ஆண்டது ஆகியவற்றை இங்கே விரிப்பதில் பயனில்லை. நம் பொருளோடு சேர்ந்த செய்தி ஒன்றை மட்டும் சொல்லலாம். அப்பயணத்தில் அவர் அரை இறாத்தற் குண்டு எறியும் துவக்கொன்றை வைத்திருந்தார். அராபியர் அதைப் பீரங்கியின் பிள்ளை என்று அழைத்தனர். சுட்டவரையே அது பம்பரம்போற் சுழற்றிவிடுமாம். அதைச் சுடத் தாமே அஞ்சியதாக அவர் ஒளிக்காமல் எழுதினார். பெரிதென்பதற்காகவே ஒன்றைத் தெரிந்தெடுத்தல் அறிவன்று என்பதை அவர் தோள் அறிந்திருந்தது.

1890 இல், அறுபத்தொன்பதாம் வயதில், காட்டு விலங்குகளின் இயல்புபற்றி இரண்டு பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தொடக்கமே ஐம்பது ஆண்டுத் துப்பாக்கிகளைப் பற்றியது. இதற்கிடையில் உலகம் மாறியிருந்தது. வாய்வழி மருந்திடுதல் ஒழிந்து, பின்புறத்தில் தோட்டாவைச் செருகும் முறை வந்துவிட்டது. எக்ஸ்பிரஸ் என்னும் வேகத் துப்பாக்கிகள் மலிந்தன. அவற்றின் குண்டு நுனியிற் குடைவு உள்ளது. பட்டவுடன் வெடித்துச் சிதறுவது. வேட்டைக்காரர் அதைப் புகழ்ந்தனர். கிழவர் பேக்கர் மறுத்தார்.

அவருடைய வாதம் தெளிவானது. குடைவுள்ள இலேசான குண்டு சிறுமானுக்குப் பொருந்தலாம். மரை போன்ற பெரிய விலங்கின் தோளெலும்பில் அது பட்டால் மேலேயே சிதறி அகன்ற புண்ணை ஆக்கும், உயிர்நிலையை எட்டாது. தகரமோ இரசமோ கலந்து கடினமாக்கிய குண்டு யானைக்கும் எருமைக்கும் வேண்டியது. மானிலே பாய்ந்தால் ஊசிபோல் ஒரு துளையிட்டு மறுபுறம் வெளியேறி, தன் ஆற்றலை அப்பாலுள்ள மண்ணிற் கொட்டும். மானும் அத்துளையோடு மைல் கணக்கில் ஓடும். இரண்டுக்கும் நடுவே, கலப்பற்ற தூய ஈயத்தாற் செய்த திடமான குண்டு இருக்கிறது. அது உடலுட் புகுந்ததும் காளான்போல் விரியும், சிதறாது, நெஞ்சறையை ஊடுருவி மறுபக்கத் தோலின் அடியில் வந்து தங்கும். சுமந்து வந்த ஆற்றல் முழுவதையும் விலங்கின் உள்ளேயே செலவிட்ட குண்டு அதுதான். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்து அதில் 577 பங்கு வாயளவுள்ள துப்பாக்கியில், 648 கிறெயின் குண்டும் ஆறு திராம் மருந்தும் என்று அவர் அளவு வகுத்தார். பழைய ஓர் அவுன்சு மருந்தையும் மூன்று அவுன்சுக் குண்டையும் நினைத்துப் பார்த்தால், ஐம்பது ஆண்டில் அவர் எவ்வளவு குறைத்துக்கொண்டார் என்பது விளங்கும்.

இதிலே அவரை மெச்சவேண்டிய இடம் எதுவெனில், விலங்கை அறுத்துக் குண்டை எடுத்து, நிறுத்து, விரிந்த வடிவைப் பார்த்து, அதன்பின் பேசியமையே. கேள்விப்பட்டதை எழுதவில்லை. மெச்சமுடியாத இடமும் உண்டு. அத்தனை அறிவும் அவருக்குக் கிடைத்தது எண்ணற்ற உயிர்களின் செலவில். வேட்டையில் அளவு வேண்டும், வீணே கொல்லலாகாது என்று எழுதியவர், இலங்கையில் அந்த அளவை எத்தனை முறை மீறினார் என்பதை அவர் நூல்களே காட்டுகின்றன.

1893 ஆம் ஆண்டு டிசம்பர் 30 இல் டெவன் மாகாணத்துத் தம் இல்லத்திற் பேக்கர் காலமானார். மறு ஆண்டில் இலங்கையில் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கமொன்று தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்களும் வேட்டைக்காரரே. அவர் இறந்து ஆறாண்டில் விரியும் குண்டின் கதை எதிர்பாராத திசையிற் சென்றது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில், மனிதரைச் சுடும் படைத்துப்பாக்கிக்கு நுனி திறந்த குண்டு செய்யத் தொடங்கியிருந்தனர். 1899 இல் ஹேக் நகரிற் கூடிய அரசுகள், உடலில் விரியும் குண்டைப் போரிற் பயன்படுத்தலாகாதென்று பிரகடனஞ் செய்தன. மானுக்குக் கருணையென்று தெரிந்தெடுத்தது மனிதனுக்குக் கொடுமையெனத் தள்ளப்பட்டது. போரில் எதிரி காயப்பட்டு விலகினாற் போதும். வேட்டையில் விலங்கு காயத்தோடு பிழைக்கலாகாது. நோக்கம் வேறாகையால் விடையும் வேறாயிற்று. இன்றும் ஸ்கொட்லாந்தின் சட்டம் மான் வேட்டைக்கு விரியும் குண்டையே கட்டாயமாக்குகின்றது. ஆனால் பேக்கர் போற்றிய ஈயத்துக்குக் காலம் முடிந்து வருகிறது. இறைச்சியில் தங்கும் ஈயத் துகள் கழுகையும் மனிதரையும் நஞ்சூட்டுவதாகக் கண்டு, கலிபோர்னியா 2019 இலும் டென்மார்க் 2024 இலும் வேட்டையில் அதை விலக்கின. செம்புக் குண்டு அவ்விடத்துக்கு வந்தது.

அவர் கண்ட மலைநாடு அவர் கண்ணெதிரேயே கரைந்தது. கோப்பிக்காகக் காடு வீழ்ந்தது. 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, 1867 இல் லூல்கந்துரையில் யேம்ஸ் ரெயிலர் நட்ட தேயிலை மலைகளை மூடியது. ஹோட்டன் சமவெளியிற் பேக்கர் துரத்திய யானைகள் இன்று அங்கே இல்லை. மரை எஞ்சியது. 1969 இல் அச்சமவெளி சரணாலயமாகவும் 1988 இல் தேசிய வனமாகவும் ஆக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. பேக்கரின் காலத்தில் இரவிலன்றி வெளிவராத மரை, இப்போது வாயிலருகே பட்டப்பகலில் வந்து நிற்கிறது. காவலர் வருவோரின் பைகளைத் திறந்து பார்க்கின்றனர். அவர்கள் தேடுவது அது தின்றுவிடக்கூடிய பொலித்தீனை.

வேலிக்கு வெளியே, ஹற்றன், மஸ்கெலியா, நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் ஓரங்களில் கதை வேறு. அங்கே வெடிச்சத்தமில்லை. மரக்கறிப் பாத்தியைக் கிளறும் பன்றிக்காக, அல்லது அதன் இறைச்சிக்காக, துவிச்சக்கரவண்டித் தடுப்புக்கம்பியை முறுக்கிக் கண்ணி வைக்கின்றனர். கண்ணி பன்றி, மரை, சிறுத்தை என்று தெரிந்து பிடிப்பதில்லை. ஒரே வெடியில் முடிப்பதுமில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்திற் கம்பியோடு மீட்கப்பட்டு, சில நாளில், சிகிச்சை பலனின்றி உடவளவையில் இறந்தது.